இன்னொன்றா, இன்னொருவனா?

#1 திரைக்குப்பின்

ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாகத் தவிக்கிறேன். கை கொடுங்கள்.

1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நண்பர்கள் சிலர் கூடிப் பார்ப்பதற்காகத்தான், வியாபாரம் எதுவும் இல்லை. இந்தப் படத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். படத்துக்கு முதலில் வைத்த பெயர் வேறு. பெயர் மாறியபோது புதிய தலைப்பு அட்டையைச் செருகினார்கள். பழைய அட்டையிலிருந்த காப்புரிமை வரியைப் புதியதில் போட மறந்துவிட்டார்கள். அந்த வரி இல்லாவிட்டால் உரிமையும் இல்லை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். படம் வெளியான அன்றே பொதுச்சொத்தாகிவிட்டது. இயக்குநர் ஜார்ஜ் ரொமெரோ வயிறெரிந்திருப்பார். எனக்கு லாபம்.

96 நிமிடப் படம். எல்லா வரியும் முடிந்தது. கடைசி வசனம் மட்டும் நிற்கிறது. (முடிவைச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், இழை எங்கும் போய்விடாது.)

செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர். விடியும்போது பென் ஒருவன்தான் மிச்சம். அவன் கறுப்பினத்தவன். வெளியே துப்பாக்கியும் நாய்களுமாக ஊர்க்காரர் கூட்டம் ஒன்று, பிணங்களைச் சுட்டு எரித்துக்கொண்டே வருகிறது. சத்தம் கேட்டு பென் நிலவறையிலிருந்து மேலே வருகிறான். ஜன்னலோரமாக நின்று எட்டிப் பார்க்கிறான். கூட்டத்தை நடத்தி வரும் உள்ளூர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரீப், பக்கத்திலிருப்பவனிடம் தலையில் சுடச் சொல்கிறார். ஒரே குண்டு. நல்ல குறி என்று பாராட்டுகிறார். அதன் பிறகு ஆங்கிலத்தில் ஆறு சொல்லில் ஒரு வசனம்: நெருப்புக்கு இன்னொன்று.

அல்லது, நெருப்புக்கு இன்னொருவன்.

ஆங்கிலத்தில் அந்த 'ஒன்' ஆளுக்கும் பொருந்தும், விறகுக்கட்டைக்கும் பொருந்தும். தமிழில் அப்படி நழுவ முடியாது. ஒன்றா, ஒருவனா?


#2 ஏழாம்வரிசை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஷெரீப் அதைப் பிணம் என்றுதான் நினைக்கிறார். பிணம் அஃறிணை. "இன்னொன்று." போட்டுவிட்டுத் தூங்குங்கள்.


#3 சாம்பல்பூனை

அவ்வளவு சுலபமில்லை. ஷெரீபுக்கு அது பிணம். பார்க்கிற நமக்கு பென். சப்டைட்டில் யாருடைய கண்ணால் எழுதப்படுகிறது? சுடச் சொல்லும்போது ஷெரீப் ஆண்பாலில்தான் சொல்கிறார், "அவனைத் தலையில் சுடு" என்று. குண்டு பாய்ந்த பிறகுதான் இந்த 'ஒன்' வருகிறது. முதல் வரியில் அவன், அடுத்த மூச்சில் அது என்றால் பார்ப்பவர் குழம்ப மாட்டாரா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். திரைக்குப்பின், உங்கள் பதிவை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். ஷெரீப் "சொல்கிறார்", "பாராட்டுகிறார்". பென் "வருகிறான்", "பார்க்கிறான்". யார் கதாநாயகன், யார் கொலைகாரன் என்று தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள்.


#4 திரைக்குப்பின்

படித்தேன். பத்து நிமிடம் பதில் எழுத முடியவில்லை.

கதாநாயகனை 'அவன்' என்பது கதை சொல்கிற வழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஷெரீபுக்கு மட்டும் ஏன் அந்த 'ஆர்' விகுதி என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தொப்பியும் தோட்டா வாரும் போட்டிருந்தால் கை தானாக மரியாதை கொடுத்துவிடுகிறது போலிருக்கிறது. பதிவைத் திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும்.


#5 பழையசுருள்

நல்ல இழை. ஆனால் வண்டி போகிற திசையைப் பார்த்தால் படத்தில் இல்லாததை எல்லாம் சப்டைட்டிலில் ஏற்றிவிடுவீர்கள் போலிருக்கிறது. ஆகவே சில தகவல்கள்.

பென் கதாபாத்திரத்தைக் கறுப்பினத்தவராக எழுதவில்லை. முரட்டுத்தனமாகப் பேசும் லாரி ஓட்டுநராகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். நடிப்புத் தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ் சிறப்பாக நடித்ததால் அவரை எடுத்தோம் என்று ரொமெரோ வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஜோன்ஸ் நிறையப் படித்தவர். பாத்திரத்தின் கொச்சைப் பேச்சைத் தன் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார். படம் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு வெளியே, சுமார் 1,14,000 டாலரில், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. தின்பதற்கு உண்மையான இறைச்சி. பின்னணி இசைகூட இசை நூலகத்திலிருந்து வாங்கிப் போட்டது. கையில் காசில்லாத சில இளைஞர்கள் சந்தையில் ஓடுகிற சரக்காக ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

படம் முடிந்து, பிரதியை வண்டியில் வைத்துக்கொண்டு நியூயார்க்குக்குப் போகிற வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டார்கள். 1968 ஏப்ரல் 4. அதாவது, கிங் கொலைக்கு எதிர்வினையாக எடுத்த படம் இது என்று இணையத்தில் எழுதுகிறார்களே, அது காலக்கணக்கில் நிற்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, படம் முழுவதும் பென்னின் நிறத்தை ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதே வீட்டில் இருந்துகொண்டு அவனை அறவே பிடிக்காத ஹாரி கூப்பர்கூடச் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் படத்தின் பலம். மொழிபெயர்ப்பாளர் அதைக் கலைக்கக் கூடாது.


#6 தூக்கமில்லாதவள்

பழையசுருள் ஐயா, தகவல்களுக்கு நன்றி. முடிவில் மட்டும் உடன்பாடில்லை.

ரொமெரோ நினைக்கவில்லை, சரி. ஜோன்ஸ் நினைக்கவில்லையா? 1967இல், அமெரிக்காவில், சுற்றிலும் வெள்ளையர்கள் நிற்கிற படப்பிடிப்பில், ஒரு வெள்ளைப் பெண்ணை அறைகிறார். ஒரு வெள்ளைக்காரரைச் சுட்டுக் கொல்கிறார். கடைசியில் துப்பாக்கிக் கூட்டத்தின் கையால் சாகிறார். அது என்னவென்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? முடிவை மாற்றும் பேச்சு வந்தபோது அவர் என்ன நினைத்தார் என்பதைப் பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவ்வளவும் நடந்த பிறகு அசட்டுத்தனமாகக் காப்பாற்றப்படுவதைவிட நான் செத்துக் கிடப்பதைத்தான் கறுப்பின மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். ஆகவே அந்தப் படத்துக்குள் தெரிந்து செய்த ஆள் ஒருவராவது இருந்தார். அவர் இயக்குநர் நாற்காலியில் இல்லை என்பதற்காக அது தற்செயல் ஆகிவிடுமா?

நான் இந்தப் படத்தை இரவு இரண்டு மணிக்குத் தனியாகப் பார்த்தேன். பிணங்கள் வந்தபோது பயமே இல்லை. அவை மெதுவாக நடக்கின்றன, நைட் கவுன் போட்டிருக்கின்றன, ஒன்று மரத்திலிருந்து பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. பாதி சிரிப்புதான் வந்தது. பயம் வந்தது கடைசியில், படமே நின்றுபோன பிறகு. அந்த வசனம் முடிந்ததும் திரை அசைவதில்லை. செய்தித்தாளில் அச்சான போட்டோக்களைப் போலப் புள்ளி புள்ளியாக, ஒன்றன்பின் ஒன்றாக நிழற்படங்கள். இறைச்சிக் கொக்கி பிடித்த கைகள். பென்னின் முகம். கொக்கியால் இழுக்கிறார்கள். கட்டைகளின் மேல், கல்லறையில் முதன்முதலில் வந்த பிணத்துக்குப் பக்கத்திலேயே, பென்னைப் போடுகிறார்கள்.

கறுப்பினத்தவர்களைக் கும்பல் கூடிக் கொன்றுவிட்டு, அந்தப் போட்டோவை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்ற நாடு அது. பார்க்க வந்தவர்கள் வரிசையாக நின்று சிரிக்கிற அட்டைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த நிழற்படங்களை எந்த எண்ணமும் இல்லாமல்தான் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.


#7 சாம்பல்பூனை

நாய்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. 1963இல் பர்மிங்காம் நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினச் சிறுவர் சிறுமியர் மீது போலீஸ் நாய்களை ஏவியது உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வந்த படம். ஐந்தே வருடம் கழித்து, கயிற்றில் பிடித்த நாய்களோடு வயலில் இறங்கி வருகிற கூட்டத்தைத் திரையில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.


#8 ஏழாம்வரிசை

நான் பிசாசின் வக்கீலாகக் கொஞ்சம் பேசுகிறேன். ஷெரீபின் இடத்தில் நில்லுங்கள். இரவெல்லாம் பிணங்களைச் சுட்டிருக்கிறீர்கள். ஒரு வீட்டைச் சுற்றி அவை மொய்த்துக்கொண்டிருந்தன. உள்ளே ஏதோ அசைகிறது. தூரம் வேறு. யாராக இருந்தாலும் சுடுவார்கள். அந்த ஜன்னலில் கூப்பர் நின்றிருந்தாலும் அதே குண்டுதான். இதில் இனம் எங்கே வருகிறது?


#9 தூக்கமில்லாதவள்

பென்னின் கையில் துப்பாக்கி இருந்தது. பிணம் துப்பாக்கி பிடிக்குமா?


#10 ஏழாம்வரிசை

பிடிக்கலாமே! கல்லறையில் வருகிற முதல் பிணம் கல்லெடுத்துக் கார் கண்ணாடியை உடைக்கிறது. கூப்பரின் மகள் கொத்துக்கரண்டியால் பெற்ற தாயைக் குத்துகிறாள். இந்தப் படத்துப் பிணங்களுக்குக் கருவி தெரியும்.


#11 சாம்பல்பூனை

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டு, யாராவது "உள்ளே யார்?" என்று ஒரு குரல் கொடுக்கிறார்களா பாருங்கள். இரவு முழுவதும் டிவியில், உயிரோடிருப்பவர்கள் மீட்பு நிலையங்களுக்குப் போகலாம் என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். எந்தெந்த ஊரில் நிலையம் என்று திரையில் எழுத்து ஓடுகிறது. அதாவது வீடுகளுக்குள் ஆட்கள் இருக்கலாம் என்பது அரசாங்கத்துக்கே தெரியும். ஒரு குரல் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? பென் பதில் சொல்லியிருப்பான். பிணம் சொல்லாது. அந்தச் சோதனையைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

கூப்பர் நின்றிருந்தாலும் சுட்டிருப்பார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். படம் கூப்பரை அங்கே நிறுத்தவில்லையே.


#12 கணக்குவாத்தி

எல்லோரும் கூப்பரைப் போட்டு மிதிக்கிறீர்கள். அவர் சார்பில் ஒரு வழக்கு இருக்கிறது, கேளுங்கள்.

வீட்டில் இரண்டு திட்டங்கள். பென்: மேலே இருப்போம், கதவு ஜன்னல்களில் பலகை அடிப்போம், தேவைப்பட்டால் தப்பி ஓடலாம். கூப்பர்: நிலவறைக்குப் போவோம், ஒரே கதவு, உள்ளிருந்து அடைத்துக்கொண்டால் போதும். பென் அதை மரணப் பொறி என்று ஏளனம் செய்கிறான். பார்க்கிற நாமும் பென் பக்கம்தான். ஏனென்றால் கூப்பர் கோழை, சுயநலக்காரர், மேலே ஒரு பெண் அலறுவது காதில் விழுந்தும் கதவைத் திறக்காமல் இருந்தவர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெட்ரோல் நிரப்பத் துணிந்து வெளியே போன டாமும் ஜூடியும் வெந்து செத்தார்கள். பலகைகள் பிய்ந்தன. முதலில் அந்த வீட்டுக்கு ஓடிவந்த பார்பராவைப் பிணங்கள் இழுத்துக்கொண்டு போயின. கடைசியில் பென் எங்கே போய் உயிர் பிழைக்கிறான்? நிலவறையில். கதவை அடைத்துக்கொண்டு. கூப்பர் சொன்ன அதே இடத்தில். விடியும்வரை அந்தக் கதவு தாங்கியது!

கூப்பர் சொன்னது சரி, சொன்ன ஆள்தான் சரியில்லை. இதைவிடக் கூர்மையான சமூக விமர்சனம் அந்தப் படத்தில் வேறெதுவும் இல்லை என்பது என் கட்சி. இனத்தைப் பற்றி மட்டும் பேசி இதை விட்டுவிடாதீர்கள். சரியான யோசனை, வெறுக்கத்தக்க ஆளின் வாயிலிருந்து வந்தால் யாரும் கேட்பதில்லை. நல்லவனுடைய தவறான யோசனைக்குப் பின்னால் எல்லோரும் போகிறார்கள்.


#13 பழையசுருள்

வாத்தியார் சொல்வதில் பாதி சரி. மேலே நான் முதலாளி, கீழே வேண்டுமானால் நீ முதலாளியாக இரு என்று பென் கத்துகிற இடத்தைப் பாருங்கள். வெளியே பிணங்கள், உள்ளே எல்லைத் தகராறு. அதே நேரத்தில் டிவியில் வாஷிங்டன் காட்சி ஓடுகிறது. விண்வெளியிலிருந்து திரும்பிய கலத்தின் கதிர்வீச்சுதான் காரணமா என்று நிருபர்கள் துரத்திக் கேட்கிறார்கள். விஞ்ஞானி ஆம் என்கிறார், ராணுவ அதிகாரி அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்று பக்கத்திலேயே நின்று மறுக்கிறார், மூவரும் காரை நோக்கி ஓடிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். பண்ணை வீட்டுச் சண்டையின் கோட் சூட் போட்ட பதிப்பு. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்துப் பார்வையாளர்களுக்கு அந்த ஓட்டம் பழக்கமானதாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் நிலவறையில் எல்லோரும் இறங்கியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது தவறு. கடிபட்ட மகள் கேரன் அங்கேதான் படுத்திருந்தாள். நடு இரவில் அவள் எழுந்திருப்பாள். கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு.


#14 கணக்குவாத்தி

அடடா. மகளைக் கழிக்க மறந்துவிட்டேன். கட்சியைக் கலைத்துவிடவில்லை, ஒத்திவைக்கிறேன்.


#15 மண்புழு

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். திரைக்குப்பின், சப்டைட்டிலில் 'ஜாம்பி' என்ற சொல்லை எங்காவது போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். படத்தில் அந்தச் சொல் ஓரிடத்திலும் கிடையாது. செய்தி வாசிப்பவர் பிணந்தின்னி என்ற பொருள் வருகிற சொல்லைத்தான் சொல்கிறார்.

ஜாம்பி என்ற நம்பிக்கையின் ஊர் ஹெய்ட்டி. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளைச் சாகும்வரை வேலை வாங்கிய தீவு. அங்கே ஜாம்பி என்றால் கடித்துத் தின்னுகிற பிணம் அல்ல. செத்த பிறகும் எழுப்பி வயலில் வேலை வாங்கப்படுகிற பிணம். யாரும் ஜாம்பியைக் கண்டு பயப்படவில்லை, ஜாம்பி ஆகிவிடுவோமோ என்று பயந்தார்கள். அடிமைக்குச் சாவு ஒன்றுதான் விடுதலை. அதையும் எஜமான் பறித்துவிட்டால்?

1915 முதல் 1934 வரை அமெரிக்க ராணுவம் ஹெய்ட்டியைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில்தான் இந்தக் கதைகள் அமெரிக்காவில் பரவின. 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி இருக்கிறது. பிணங்கள் பெரிய செக்கைச் சுற்றிச் சுற்றித் தள்ளுகின்றன. மேலே கூடை சுமந்து வருகிற ஒன்று தடுமாறி அரவைக்குள் விழுகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செக்கு நிற்பதில்லை. மரம் தேய்கிற முனகல் மட்டும் அதே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பேய்ப்படங்களில் நான் பார்த்த மிகக் கொடூரமான காட்சி அது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

ரொமெரோ செய்தது என்னவென்றால் எஜமானை நீக்கிவிட்டார். ஏவுகிறவன் இல்லை, பசி மட்டும் இருக்கிறது. பத்து வருடம் கழித்து 'டான் ஆஃப் தி டெட்' எடுத்தபோது அந்தப் பசியை ஒரு வணிக வளாகத்துக்குள் கொண்டுபோய் விட்டார். பிணங்கள் ஏன் இங்கே வருகின்றன என்று கேட்டால், இது அவற்றின் வாழ்க்கையில் முக்கியமான இடமாக இருந்தது என்று ஒருவன் பதில் சொல்வான்.

தமிழில் 'நடைப்பிணம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப் போடலாமே என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. நாம் அந்தச் சொல்லை உயிரோடிருக்கிற மனிதரைப் பற்றித்தான் சொல்கிறோம்.


#16 திரைக்குப்பின்

'ஜாம்பி' மூன்று இடத்தில் போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். நன்றி.

இன்னொரு சிக்கலையும் கொட்டிவிடுகிறேன். ஆங்கிலத்தில் எல்லோரும் எல்லோரையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். தமிழில் நீயா, நீங்களா? கூப்பர் பென்னை "நீ" என்றும் பென் கூப்பரை "நீங்கள்" என்றும் எழுதியிருந்தேன். வயதில் மூத்தவர் கூப்பர், அதனால் இயல்பாக வந்தது. எழுதியதைப் படங்களோடு ஓடவிட்டுப் பார்த்தால், வேறொரு படம் ஓடுகிறது.


#17 பழையசுருள்

அதைத்தான் முதலிலேயே சொன்னேன். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத படத்தில் நீங்கள் ஒவ்வொரு வரியிலும் பேச வைத்துவிட்டீர்கள். இருவருக்கும் "நீ" போடுங்கள். பென் யாருக்கும் பணிகிற ஆள் இல்லை. அந்தக் காலத்துத் திரையில் ஒரு கறுப்பினக் கதாபாத்திரம் வெள்ளையனுக்கு இணையாகக் கத்தியது, அதைப் படத்தில் யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளாதது, இரண்டும்தான் புதுமை.


#18 தூக்கமில்லாதவள்

ஆமாம். இதில் ஐயாவின் பக்கம்தான் நான். இருவருக்கும் "நீ".

பார்பராவுக்கு மட்டும் எதைப் போட்டாலும் ஒன்றுதான், பாவம் அவள் பேசினால்தானே. அண்ணன் செத்ததும் சோபாவில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். இன நிறத்தில் அவ்வளவு தைரியம் காட்டிய படம் பெண்ணை மெழுகுப் பொம்மையாக்கி உட்கார வைத்துவிட்டது. 1990இல் மறுபடி எடுத்தபோது அவள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு உறைத்தது.


#19 ஏழாம்வரிசை

'கெட் அவுட்' பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? 2017இல் வந்தது, ஜோர்டன் பீல் இயக்கியது, திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியது. கடைசியில் கறுப்பினக் கதாநாயகன் கிறிஸ் சாலையில், பக்கத்தில் வெள்ளைக்காரக் காதலி ரத்தத்தோடு. சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்னியபடி ஒரு கார் வருகிறது. கிறிஸ் கையைத் தூக்குகிறான். திரையரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. காப்பாற்ற வரவேண்டிய விளக்கைக் கண்டு எல்லோருக்கும் அடிவயிறு கலங்கியது. கார்க் கதவில் 'விமான நிலையம்' என்ற எழுத்து. இறங்கியது நண்பன். முதலில் எடுத்த முடிவில் வந்தது உண்மையான போலீஸ், கிறிஸ் சிறைக்குப் போகிறான். பீல் பிறகு அதை மாற்றிவிட்டார்.

பென்னுக்குக் குரல் கொடுக்க ஒருவர் வந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எடுத்துப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. #8இல் நான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்தக் காரைக் கண்டு நானும்தான் பயந்தேன். ஏன் பயந்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


#20 வல்லினம்மிகும்

இலக்கணக் கேள்வியை முதல் பக்கத்திலேயே கைவிட்டுவிட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

ஏழாம்வரிசை பிணம் அஃறிணை என்று ஒரே போடாகப் போட்டார். மரபு அவ்வளவு கஞ்சத்தனமானதல்ல. நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் வைக்கிறது. நரகத்தில் கிடப்பவருக்கும் திணை போகவில்லை. பேச்சிலும் பாருங்கள். தந்தையை இழந்த மகன் "அப்பா படுத்திருக்கிறார்" என்பான். வழிப்போக்கர் "பிணம் கிடக்கிறது" என்பார். ஒரே உடல்தான். திணை உடலில் இல்லை, சொல்கிறவருக்கும் அதற்கும் உள்ள உறவில் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு படத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். கல்லறைத் தோட்டம். ஜானி தங்கையைப் பயமுறுத்தி விளையாடுகிறான். "உன்னைப் பிடிக்க வருகிறார்கள் பார்பரா." தூரத்தில் தள்ளாடி நடந்து வருகிற ஒரு வயதான ஆளைக் காட்டி, அதோ அவர்களில் ஒன் வருகிறது என்பது போல ஒரு வரி சொல்கிறான். அங்கேயும் அதே 'ஒன்'. திரைக்குப்பின், அதற்கு என்ன எழுதினீர்கள்?


#21 திரைக்குப்பின்

கோப்பைத் திறந்து பார்த்தேன். "அதோ பார், அவர்களில் ஒருவர் வருகிறார்" என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சமும் யோசிக்காமல் எழுதிய வரி. நல்ல உடை உடுத்திய பெரியவராகத் தெரிந்தார், வாயில் 'ஒருவர்' வந்துவிட்டது.


#22 வல்லினம்மிகும்

பார்பரா அப்போது என்ன செய்கிறாள் என்று கவனித்தீர்களா? அண்ணனின் கேலி அந்த ஆளின் காதில் விழுந்திருக்குமே என்று கூசிப்போய், மன்னிப்புக் கேட்கிற பாவனையில் தலையைக் குனிந்தபடி அவரை நோக்கி நடக்கிறாள். பிணத்திடம்.

படத்தில் முதலில் வருகிற செத்த ஆளுக்குக் கிடைப்பது 'ஒருவர்'. மன்னிப்பு வேறு. கடைசியில் நிற்கிற உயிருள்ள ஆளுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி. 'இன்னொருவன்' என்று போட்டால் இழிவு தெரியும், ஆனால் ஆள் மிஞ்சுவான். ஷெரீப் ஆளைப் பார்க்கவில்லை.


#23 சாம்பல்பூனை

நான் 'இன்னொருவன்' கட்சி. இதைப் படித்த பிறகு ராஜினாமா.


#24 ஏழாம்வரிசை

#2ஐ எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 22 பதிவுகளுக்கு முன்பே சொன்னேன். தவறான காரணத்தோடு சொன்னேன் என்பது வேறு.


#25 மண்புழு

வசனம் திரையில் எத்தனை வினாடி நிற்கிறது? "நெருப்புக்கு இன்னொன்று" என்று இரண்டே சொல்லாக விடுங்கள். "கிடைத்தது", "ஆயிற்று" என்று வினை எதுவும் வேண்டாம். வேலையின் நடுவில் எண்ணிக்கை சொல்கிறவன் வினைச்சொல் போடுவதில்லை.


#26 திரைக்குப்பின்

போட்டுவிட்டேன். நாளை இரவு காட்டுகிறேன். வந்து சொல்கிறேன்.


#27 திரைக்குப்பின்

காட்டினேன். ஆறு பேர் வந்தார்கள். இருவர் முன்பே பார்த்தவர்கள். டிவி நிருபர் ஷெரீபிடம் அவை மெதுவாக நடக்குமா என்று கேட்கிற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். செத்தவர்கள்தானே, சீர்கெட்டுத்தான் இருப்பார்கள் என்கிற பதிலுக்கு இன்னும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த ஆள்தான் கொஞ்ச நேரத்தில் அதைச் சொல்லப் போகிறார். போகிறான்.

ஜன்னல் வந்தது. குண்டு வெடித்தது. வரி வந்தது.

பக்கத்தில் இருந்த நண்பன் என் பக்கம் சாய்ந்து, "ஒன்று என்று விழுந்திருக்கிறதே, எழுத்துப் பிழையா?" என்று மெதுவாகக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் போட்டோக்கள் வர ஆரம்பித்துவிட்டன. அவன் திரும்பி அவற்றைப் பார்த்தான். படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் அவன் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.